இரண்டு அணிகளுக்கும் தலை காட்டிய ஞாயிறு

மகள் முதன்முதலாகக் கோலுக்குள் நின்று பந்தைத் தடுத்ததை நான் பார்க்கவில்லை. மண்டபத்தில்தான் இருந்தேன். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டினத்தில் இருந்தோம். குசினி அலுமாரிகள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டும் பகுதியில் எனக்கு வேலை. அந்தப் பக்கத்து மக்களுக்கு ஹாண்ட்பால் என்றால் மழை வெயில் மாதிரி. அதைப் பற்றி ஒரு சொல்லாவது கதைக்காமல் அவர்களுக்கு ஒரு நாள் போகாது. பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற விளையாட்டு. ஓடிவந்து, எம்பி, அந்தரத்தில் ஒரு கணம் நின்றுகொண்டு எறிவார்கள். கோலுக்குள் நிற்கிற பிள்ளைக்குக் கையுறை இல்லை, கவசம் இல்லை. நீளக் காற்சட்டையும் நீளக் கைச் சட்டையும் மட்டும்தான். கையையும் காலையும் விரித்துக்கொண்டு அந்தப் பிள்ளை பந்துக்கு முன்னால் பாயவேண்டும். பந்து வந்தால் விலகிக்கொள் என்றுதான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வோம். இங்கே பந்து மேலே படவேண்டும் என்பதற்காகவே ஒரு பிள்ளையை நிறுத்துகிறார்கள்.

நான் கண்ணைத் திறந்தபோது பந்து அவளுடைய வயிற்றில் பட்டுக் கீழே விழுந்து கிடந்தது. அவள் அதை எடுத்து, மண்டபத்தின் மற்ற அந்தம் வரைக்கும் எறிந்துவிட்டு, முன்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்து ஏதோ கத்தினாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. வீட்டில் தொலைபேசி அடித்தால் எடுக்கத் தயங்குகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. என்னிடம் அது இல்லை. மனைவியிடம் சத்தம் உண்டு, ஆனால் அது வேறு வகை.

அந்த மண்டபத்து வாசலில் ஒரு பலகை இருந்தது, தெருச் சப்பாத்தோடு ஆடுகளத்துக்குள் வரக்கூடாது என்று. நான் வெளி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு படியேறிப் போய் இருந்தேன். மேலே எல்லாரும் சப்பாத்தோடு இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், மழைத் தூற்றலில் நனையாமல் யாரோ என் சப்பாத்தை உள்ளே எடுத்து வைத்திருந்தார்கள். உயரமான கூரை, பகலிலும் எரிகிற விளக்குகள், பலகைத் தரையில் ஓடுகிற பிள்ளைகளின் கீச்சுச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை விடியவே எழும்பிவந்து, சம்பளமில்லாமல், அடுத்தவர்களின் பிள்ளைகளுக்காக மணிக்கூட்டை இயக்கிக்கொண்டு மேசையில் இருக்கிற ஒரு கிழவர். அந்த இடத்தில் நான் சப்பாத்தைக் கழற்றியது பிழை என்று இன்றைக்கும் தோன்றவில்லை.

கழகத்தில் அவளுடைய வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு அணிகள் இருந்தன. இரண்டாம் அணி சந்தோஷத்துக்கு விளையாடுகிற அணி. வந்தவர்கள் எல்லாரும் ஆடுவார்கள். ஓட ஏலாத பிள்ளையும் ஆடும், பந்தைக் கண்டால் ஓடி ஒளிக்கிற பிள்ளையும் ஆடும். அயல் ஊர்களோடு மட்டும்தான் போட்டி, சைக்கிளில் போய்வரலாம். அதை நடத்தியவர் எங்கள் தெரு முனைப் பேக்கரியில் பாண் விற்கிற பெண். மகளைக் கோலுக்குள் நிறுத்தியவரும் அவர்தான், வேறு ஒரு பிள்ளையும் சம்மதிக்காததால்.

முதலாம் அணி வேறு உலகம். அது தூரத்துப் பட்டினங்களுக்குப் போய் ஆடும். பெற்றோர் முறை வைத்துத் தங்கள் கார்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். கெட்டிக்காரிகள் ஆடுவார்கள், மற்றவர்கள் ஓரத்தில் போட்ட வாங்கில் இருந்து பார்ப்பார்கள். அதன் பயிற்சியாளர் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர். நெட்டையான மனிதர். படலையைத் திறக்கமாட்டார், மேலால் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார்.

அவர் அந்த இலையுதிர் காலத்தில் மகளையும் முதலாம் அணிக்குச் சேர்த்துக்கொண்டார், இரண்டாவது கோல்காப்பாளராக. முதலாவது கோல்காப்பாளர் ஒரு பல் வைத்தியரின் மகள். என் மகளைவிட ஒரு தலை உயரம். ஆகவே மகள் அங்கே வாங்கில் இருந்தாள், இங்கே கோலுக்குள் நின்றாள். நாட்கள் முட்டாதவரைக்கும் இரண்டிலும் இருக்கட்டும், கோடைக்கு முதல் எது என்று அவள் முடிவுசெய்யட்டும் என்று இரண்டு பயிற்சியாளர்களும் பேசி வைத்திருந்தார்கள்.

எது என்று அவள் வீட்டில் வாய் திறக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் முதலாம் அணிதான். கெட்டிக்காரியாக வரவேண்டும் என்கிற ஆசை மட்டும் இல்லை அது.

ஜேர்மனிக்கு வந்த முதல் வருடங்களில், எங்கள் அகதி விண்ணப்பம் முடியாமல் கிடந்த காலத்தில், பதிந்திருந்த மாவட்டத்தை விட்டு வெளியே போவதென்றால் அனுமதி எடுக்கவேண்டும். கெல்சென்கிர்ச்சனில் என் தமக்கையின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தபோது எனக்கு அனுமதி வந்து சேரவில்லை. தாய்மாமன் இல்லாமல்தான் தண்ணீர் வார்த்தார்கள். எங்கள் பக்கத்து பஸ் மாவட்ட எல்லைப் பலகை வரைக்கும் போய்த் திரும்பும். பலகைக்கு அப்பால் காடு மூடிய ஒரு மலைத்தொடர். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. பிறகு வதிவிடப் பத்திரம் கிடைத்தது, கார் ஓட்டவும் பழகினேன். ஆனாலும் அந்தப் பலகை கண்ணில் பட்டால் என் கால் தானாகவே பிரேக்கைத் தேடும்.

என் மகள் ஒரு பந்துக்காக அந்தப் பலகையைக் கடந்து போனாள். பின் இருக்கையில் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு போனாள். மறுபக்கத்தில் இருந்த ஊர்கள் தங்கள் மண்டபக் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, கேக் வெட்டி, கோப்பி ஊற்றி அவளுக்காகக் காத்திருந்தன. முதல் தடவை நான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனபோது மலை பின்னால் போவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

பருவம் முடிகிற நேரம், ஒரு வியாழக்கிழமை பாண் வாங்கப் போனேன். பேக்கரிப் பெண் பாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ஞாயிறு பின்னேரம் எங்கள் மண்டபத்தில் கடைசி ஆட்டம். முடிந்ததும் வெளியில் இறைச்சி சுடுகிறோம். அவள் வருவாள்தானே? அவளை விட்டால் எனக்குக் கோலுக்கு ஆளில்லை."

"வருவாள்" என்றேன்.

அடுத்த நாள் தபால்காரர் படலைக்கு மேலால் காலைப் போட்டபடியே கேட்டார்.

"ஞாயிறு காலை எங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஆட்டம். அவள் வேண்டும். ஒரு காரும் குறைகிறது. நீங்கள் ஓட்டுவீர்களா?"

"ஓட்டுகிறேன்" என்றேன்.

மனைவி குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் வெளியே வந்தாள்.

"இஞ்சாருங்கோ, ரெண்டு பேருக்கும் ஓம் எண்டிட்டீங்களோ?"

"ஒண்டு காலமை. மற்றது பின்னேரம்."

"நடுவிலை ஒரு மலை நிக்குதே, அதிட்டையும் கேட்டீங்களோ?"

"அது சரிவரும்."

"உங்களுக்கு ஏலாது எண்ட சொல்லை ஆரும் படிப்பிக்கேல்லை. அதுக்குத் தனியா ஒரு வகுப்பு இருந்தா நான் காசு கட்டி விடுவன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது என் கூச்சம் மட்டும் இல்லை, எங்கள் ஆட்களின் வழக்கமும்தான். ஒரே நாளில் இரண்டு கலியாணத்துக்கு அழைப்பு வந்தால் நாங்கள் ஒன்றையும் மறுப்பதில்லை. நேரே வந்து கேட்ட மனிதரின் முகத்தைப் பார்த்து வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இரண்டுக்கும் வாறோம் என்போம். ஒரு வீட்டில் தலையைக் காட்டிவிட்டு மற்ற வீட்டில் கை நனைப்போம். தாலி கட்டும்போது நாங்கள் நிற்காவிட்டாலும் தாலி ஏறும். வந்தோம் என்பதுதான் கணக்கு. ஆட்டத்தையும் நான் அப்படித்தான் நினைத்துவிட்டேன். கோலுக்குள் தலையை மட்டும் காட்டிவிட்டு வர ஏலாது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மகளுக்குச் சொன்னேன். அவள் சப்பாத்து நாடாவைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இது கலியாண வீடு இல்லை. நான் ரெண்டு பந்தியிலையும் குந்த ஏலாது."

"அப்ப ஒராளுக்கு ரெலிபோன் அடிச்சு இல்லையெண்டு சொல்லுவமோ?"

"ஆருக்கு? இப்பச் சொன்னா ஆரோ ஒராள் ஆளில்லாமல் நிக்கும்." மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்தாள். "சரி, ரெண்டுக்கும் போவம். ஆனா அடுத்த முறை என்னை ஒருக்காக் கேளுங்கோ. பந்து உங்களிலை படேல்லை, என்னிலைதான் படுது."

ஞாயிறு காலை முன் இருக்கையில் மகள், பின்னால் மூன்று பிள்ளைகள். அந்த மூவரில் ஒருத்தி பல் வைத்தியரின் உயரமான மகள். மனைவி ஒரு பெரிய பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். மகள் அதைத் தன் காலடியில் வைத்து மூடியில் காலை ஊன்றிக்கொண்டாள். ஆட்டத்துக்கு முதல் ஒருத்தரும் தொடக்கூடாதாம். மணம் கார் முழுக்க நின்றது. பின்னால் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். பலகை வந்தது, என் கால் வழக்கம்போல் ஒருதரம் தடுமாறியது. மலையேறி அந்தப் பக்கம் இறங்கினோம்.

அந்தப் பட்டினத்து மண்டபம் எங்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரியது. இரண்டு அணிகளும் வரிசையில் நின்று கை கொடுத்துவிட்டு ஆடத் தொடங்கின. எனக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. ஒரு கோல் விழுந்ததை நான் கவனிப்பதற்குள் பந்து மற்றக் கரைக்குப் போய்விடும். உயரமான பிள்ளை கோலுக்குள் நின்றாள், நன்றாகவும் நின்றாள்.

நான் வாங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் மேற்சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி இருந்தாள். சலிப்பில் இருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். எதிரணிப் பிள்ளை எறியும் ஒவ்வொரு தடவையும் மகளின் தோள் ஒரு பக்கம் அசைந்தது. பந்து எந்தப் பக்கம் போகும் என்று வாங்கில் இருந்தபடியே அவள் பாய்ந்துகொண்டிருந்தாள். பல தடவை அவள் அசைந்த பக்கமே பந்து போனது. வீட்டில் எங்களோடு சோறு தின்கிற பிள்ளைக்கு இது எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அவளைப் பெற்றவர் நீங்களா என்று ஒருவரும் கேட்காமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது.

ஆட்டம் முடியக் கொஞ்சம் இருக்கையில் எங்கள் பிள்ளை ஒருத்தி எதிரணிப் பிள்ளையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நடுவர் ஊதினார். தண்டனை எறி: ஒருவரும் குறுக்கே நிற்காமல், ஏழு மீற்றரில் இருந்து, கோல்காப்பாளரும் எறிபவளும் மட்டும். இரண்டு அணியும் சம கோலில் நின்ற நேரம். தபால்காரர் வாங்கின் பக்கம் திரும்பி நாடியை ஒருதரம் தூக்கினார். மகள் மேற்சட்டையைக் கழற்றினாள்.

"ஏன் இவளை?" என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கவேண்டும், ஏனென்றால் பக்கத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் விளக்கம் சொன்னார்.

"உயரமானவளை எறிகிற பிள்ளை படித்துவிட்டாள். சின்னவளை அவளுக்குத் தெரியாது. இப்படி ஒரு எறிக்கு மட்டும் ஆளை மாற்றுவது வழக்கம்தான்."

முழு ஆட்டமும் இருந்த இருப்பு ஒரு பந்துக்காக. உயரமான பிள்ளை வெளியே வரும்போது மகளின் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். மகள் கோலின் நடுவில் நின்றாள். கையை விரித்தாள். அந்தப் பெரிய கோலுக்குள் அவளைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்று நான் அப்போதுதான் கண்டேன். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. மூடினால் துரோகம் மாதிரி இருந்தது.

எறிகிறவள் ஒருதரம் எறிவது மாதிரிக் காட்டினாள். மகள் அசையவில்லை. மறுபடியும் கை பின்னால் போனது. பந்து தாழ்வாக வந்தது. மகளின் இடது கால் எங்கேயோ இருந்து வந்தது. சப்பாத்தில் பட்ட பந்து மேலே, விளக்குகள் வரைக்கும் போனது. மண்டபமே எழும்பி நின்றது, அந்த ஊர் ஆட்களும்தான்.

மகள் நடந்து வந்தாள். மேற்சட்டையை எடுத்துப் போட்டுக் கழுத்துவரை பூட்டினாள். இருந்தாள். வாசலில் யார் மணி அடித்தது என்று பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

ஒரு கோலால் வென்றார்கள். பிள்ளைகள் வந்து அவள்மேல் விழுந்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆட்டம் முடிந்தபிறகு எல்லாரும் குளித்து, அந்த ஊராரோடு இருந்து கேக் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். என் காரில் வந்த பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஏலாது. அவசரம் என்று அவர்களுக்குச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கார்ச் சாவியைப் பைக்குள் உருட்டிக்கொண்டு நின்றேன்.

உடுப்பு மாற்றும் அறைக் கதவு திறந்தது. நான்கு பேரும் ஓடிவந்தார்கள், குளிக்காமல், வியர்வை காயாமல், பைகளை இழுத்துக்கொண்டு.

"பின்னேரம் அவளுக்கு இன்னொரு ஆட்டம் என்று ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?" என்றாள் உயரமான பிள்ளை. "கதவைத் திறவுங்கள். நாங்களும் பார்க்க வருகிறோம்."

தபால்காரரிடம் மகள் ஓடிப்போய் ஏதோ சொன்னாள். அவர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

ரோல்ஸ் பெட்டி காரில் திறந்தது. காரம் தாங்காமல் ஒருத்தி கண்ணீர் விட்டு அழுதுகொண்டே அடுத்ததற்குக் கை நீட்டினாள். நான் வழக்கம்போல் ஒரு லொறிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். லொறிக்குப் பின்னால் போவது எனக்குப் பாதுகாப்பாக இருக்கும்.

"முந்திப் போகலாம், அனுமதி இருக்கிறது" என்று பின்னாலிருந்து மரியாதையாக ஒரு குரல் வந்தது.

முந்தினேன். அவர்கள் கை தட்டினார்கள். இன்னொரு லொறி வந்தது. அதையும் முந்தினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. கோலுக்குள் ஒரு பிள்ளை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றாள். எங்கள் பக்கம் ஏற்கெனவே நிறையக் கோல் வாங்கியிருந்தது. பேக்கரிப் பெண் ஏன் பிந்தினாய் என்று கேட்கவில்லை. விரலால் கோலைக் காட்டினார். மகள் ஓடினாள்.

அந்த ஆட்டத்தில் அவள் வாங்கிய கோல்களை நான் எண்ணவில்லை. தடுத்ததும் உண்டு, விட்டதும் உண்டு. மேலே இருந்த மூன்று முதலாம் அணிப் பிள்ளைகளும் தடுத்தாலும் காலால் பலகையில் உதைத்துச் சத்தம் போட்டார்கள், விட்டாலும் சத்தம் போட்டார்கள். முடியப் போகிற நேரத்தில், பந்தைக் கண்டால் ஓடி ஒளிக்கிற அந்தப் பிள்ளையின் கையில் பந்து எப்படியோ வந்து சேர்ந்தது. ஒளிக்க இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். உள்ளே போய்விட்டது. அந்த வருடம் முழுக்க அவள் போட்ட ஒரே கோல். மற்ற அந்தத்தில் தனியாக நின்ற என் மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளினாள், கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்தாள். காலையில் மண்டபமே தனக்காக எழும்பி நின்றபோது மேற்சட்டையைப் பூட்டிக்கொண்டு பேசாமல் இருந்தவள்தான் இவள்.

தோற்றார்கள். வெளியே இறைச்சி சுட்டார்கள். தபால்காரரும் வந்து சேர்ந்தார். ஒரு சொசேஜைப் பாணுக்குள் வைத்துக்கொண்டு, பேக்கரிப் பெண்ணோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, எங்களிடம் வந்தார். பேக்கரிப் பெண்ணும் இறைச்சி புரட்டுகிற இடுக்கியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரே நாளில் இரண்டு ஆட்டம் கூடாது" என்றார் தபால்காரர். "முழங்கால் தாங்காது. நாங்கள் இப்போது முடிவு செய்யவேண்டும். அடுத்த பருவம் அவள் எங்களோடு வரலாம். ஆனால் ஞாயிறு எல்லாம் எங்களுக்கு. என்ன சொல்கிறீர்கள்?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் விரும்பியதும் அதுதான். என் வாய் திறந்தும்விட்டது.

"இல்லை" என்றாள் மகள். "இந்த முறை வேண்டாம்."

அவள் நிலத்தைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தை, அவ்வளவு உயரத்தில் இருந்த முகத்தை, அண்ணாந்து நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்கள் அணியில் நான் வாங்கில் இருக்கிறேன். இங்கே நிற்கிறேன். எனக்கு நிற்கவேண்டும்."

"இன்னும் ஒரு வருடத்தில் மற்றவள் பெரிய பிள்ளைகளின் அணிக்குப் போய்விடுவாள். அப்போது நீதான் முதலாவது."

"அப்போது என்னைக் கேளுங்கள்."

எனக்குக் காது சுட்டது. வயதில் பெரியவர், நாலு பேருக்கு முன்னால், கையில் சாப்பாட்டோடு நின்று கேட்கிறார். அவரை ஒரு சின்னப் பிள்ளை மறுக்கிறது. எங்கள் ஆட்களிடம் என்றால் அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் செத்த வீட்டுப் போக்குவரத்துக்கூட இருக்காது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து பயந்து பார்த்தேன். அவர் வாயில் இருந்ததைச் சப்பி விழுங்கினார்.

"கவலைதான்" என்றார். சொசேஜை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை அவளிடம் நீட்டினார். "செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு மட்டும் வா. கோலுக்குள் நிற்கிறவளுக்குக் கடுமையான எறி வேண்டும். இங்கே யார் எறிவது?"

"ஓம், இங்கே எல்லாரும் தடவித்தான் கொடுப்பார்கள்" என்றார் பேக்கரிப் பெண். மகளிடம் திரும்பினார். "நீ வடிவாக யோசி. அங்கே போனால் கூடப் படிப்பாய். எனக்காக இருக்காதே."

"உங்களுக்காக இல்லை" என்றாள் மகள்.

பேக்கரிப் பெண் சிரித்துக்கொண்டு இறைச்சியைப் பார்க்கப் போனார். அவ்வளவுதான். ஒரு சொசேஜ் தின்று முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கேட்டவர் தனக்கு வேண்டியதைக் கேட்டார். அவள் ஏலாது என்றாள். பிள்ளையை வென்ற பேக்கரிப் பெண் தனக்கு எதிராகவே பேசினார். ஒருவரும் ஒருவரையும் வெட்டிக்கொண்டு போகவில்லை. நான் சுடுகிற அடுப்பின் புகைக்குள் நின்று அதிசயத்தைப் பார்க்கிறவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும்போது கேட்டேன்.

"அவர் உன்ரை தகப்பன்ரை வயசு. முகத்துக்கு நேரை அப்பிடிச் சொல்லலாமோ?"

"அவர் கேட்டவர், அப்பா. கேட்டா மறுமொழி சொல்லத்தானே வேணும்."

"மனம் நொந்திருக்கும்."

"நோகும்தான். பிறகு மாறிடும். நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விட்டா அதுதான் மாறாது."

திங்கட்கிழமை எனக்குப் பின்னேர வேலை. தபால் வருகிற நேரம் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்தேன்.

"ஆரைப் பாத்துக்கொண்டு ஒளிச்சு நிக்கிறீங்கள்?" என்றாள் மனைவி. "கள்ளனே வாறான்? போய்க் கதவைத் திறவுங்கோ."

தபால்காரர் படலைக்கு மேலால் காலைப் போட்டார். மணியை அடித்தார். திறந்தேன்.

"அந்த இடது கால்" என்றார். "அதை யார் பழக்கியது? நான் இல்லை."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்கும் தெரியாது." தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். "அடுத்த பருவத்துக்கும் கார் குறையும். உங்கள் பிள்ளை வராவிட்டாலும் நீங்கள் ஓட்டுவீர்களா? பிள்ளைகள் கேட்கச் சொன்னார்கள். அந்தச் சாப்பாட்டுப் பெட்டியையும் கேட்டார்கள்."

மகள் சொன்னது நினைவில் இருந்தது. கேட்டால் மறுமொழி சொல்லவேண்டும், உண்மையான மறுமொழியாக இருக்கவேண்டும். ஏலாது என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. வேலை, பெற்றோல், என் பிள்ளை இல்லாத அணி. நான் கொஞ்சம் நின்று யோசித்தேன். எனக்குள் பார்த்தேன்.

"ஓட்டுகிறேன்" என்றேன்.

அவர் போனபிறகு மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"திரும்பவும் வாய் வரேல்லையோ?"

"வந்தது. எனக்கு விருப்பம்."

"பிள்ளை போகேல்லை, தகப்பன் போறாரோ?"

"ஓம்."

"சுத்த விசர்" என்றாள். ஆனால் ரோல்ஸ் பொரிப்பதை அவள் ஒரு ஞாயிறும் விடவில்லை.

அடுத்த பருவம் மகளுக்குச் சனிக்கிழமைகளில்தான் ஆட்டம். சைக்கிளில் போய்வந்தாள். தோற்றாள், சிரித்தாள், சிலவேளை வென்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள் நித்திரையில் இருக்கும்போது நான் எழும்பி, அடுத்தவர்களின் பிள்ளைகள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போனேன். எத்தனையோ ஊர்கள். ஆற்றங்கரையில் ஒன்று, பீட்ரூட் வயல்களுக்கு நடுவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் அதே மாதிரி ஒரு மண்டபம், விளக்கு, மேசை, மணிக்கூட்டோடு ஒரு கிழவர். எந்த அணிக்கும் கத்தாமல், யார் எறிந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். அந்தரத்தில் நிற்கிற அந்த ஒரு கணம் எனக்குப் பழகவே இல்லை.

பனி பெய்த ஒரு காலையில், பெயர் மறந்துபோன ஒரு பட்டினத்தில், பக்கத்தில் இருந்த மனிதர் என் பக்கம் சாய்ந்து கேட்டார், இதில் உங்கள் பிள்ளை எது என்று.

"வீட்டில் நித்திரை கொள்கிறாள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஆடுகளத்தைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு நடுவில் கிடந்த தன் தடித்த மேலங்கியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே இருந்தால் அந்தத் தூண் கோலை மறைக்கும், இன்னும் கிட்ட வந்து இருங்கள் என்றார்.